கூடவா, கூட்டவா? – நமது கல்வி முதுமாணி ஆய்வேடுகள் பற்றிச் சில கருத்துகள்

தமிழ்மொழி மூலம் எழுதப்பட்ட கல்வி முதுமாணி ஆய்வேடுகள் பலவற்றைக் கடந்த சில வருடங்களில் வாசித்திருக்கிறேன். சிலவற்றை எழுதியவர்களே கொண்டுவந்து தந்தார்கள். சிலவற்றுக்கு நான் ஆலோசனை சொல்லியிருக்கிறேன். ஆரம்பக் கணிதத்துக்கான ஆசிரிய ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், கணிதம் சம்பந்தப்பட்டவை என்னைத் தேடி வருவதுண்டு. இந்த ஆய்வேடுகளில் நமது வகுப்பறை இருக்கிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இல்லை என்பதே என் அபிப்பிராயம். அதற்கான பொறுப்பில் ஒரு பங்கு எனக்கும் உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வடிவத்தைப் பார்ப்போம். அநேகமாக எல்லா ஆய்வேடுகளுக்கும் ஐந்து அத்தியாயங்கள். தலைப்பு "செல்வாக்குச் செலுத்தும் காரணிகள்" என்றோ "எதிர்நோக்கும் பிரச்சினைகள்" என்றோ முடியும். இலக்கிய மீளாய்வில் ரைலரின் 1949ஆம் ஆண்டு நூலும் புளூமின் வகைப்பாடும் கட்டாயம் வரும். மூன்றாம் அத்தியாயத்தில் வினாக்கொத்து, நான்காம் அத்தியாயத்தில் சதவீத அட்டவணைகள், கடைசியில் விதந்துரைகள். பெற்றோர் விழிப்பூட்டப்படல் வேண்டும், வளங்கள் சமமாகப் பங்கிடப்படல் வேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி வழங்கப்படல் வேண்டும். தலைப்பிலுள்ள கல்வி வலயத்தின் பெயரை அழித்துவிட்டு வேறொரு வலயத்தின் பெயரைப் போட்டால், உள்ளே மாற்ற வேண்டியது அதிகம் இராது. இவை பொய்யான முடிவுகள் அல்ல. ஆனால் ஆய்வு தொடங்குமுன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்த முடிவுகள்.

இனி ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். கிழக்குக் கரையோரப் பாடசாலை ஒன்றில் தரம் 4 கற்பித்துக்கொண்டே முதுமாணி படித்த ஆசிரியை ஒருவர், பத்து வருடங்களுக்கு முன்பு ஒரு சீஆர் கொப்பியோடு என் வீட்டுக்கு வந்தார். அவரது வகுப்புப் பிள்ளைகள் செய்த பிழைகளை அதில் திகதி போட்டு எழுதி வைத்திருந்தார். ஒரு கணக்கைக் காட்டினார்: "முனாஸிடம் 24 கொய்யாப்பழங்கள் உள்ளன. இது ஸல்மாவிடம் உள்ளதிலும் 9 கூட. ஸல்மாவிடம் எத்தனை பழங்கள் உள்ளன?" வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் 33 என்று எழுதியிருந்தார்கள். சரியான விடை 15.

"சேர், இவங்களுக்குக் கூட்டவும் கழிக்கவும் நல்லாத் தெரியும். கூட எண்ட சொல்லக் கண்டதும் கூட்டிப்போடுறாங்க. ஏன் கூட்டினீங்க எண்டு கேட்டா, 'நீங்கதானே டீச்சர் சொல்லித் தந்த' எண்டு சொல்றாங்க. ஓம் சேர், நான்தான் சொல்லிக் குடுத்த. கூட எண்டா கூட்டு, குறைய எண்டா கழி எண்டு."

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இத ஆய்வேட்டுல போட ஏலுமா சேர்?"

நான் சொன்ன பதில் இன்றும் ஞாபகம் இருக்கிறது. "டீச்சர், அது உங்கட ஒரு கிளாஸ்ட கத. மாதிரி காணாது. பொதுமைப்படுத்த ஏலாது. வலயம் முழுக்க எடுத்து ஒரு வினாக்கொத்துப் போடுங்க, பாஸாகிரும்." அவரும் அப்படியே செய்தார். கணித அடைவில் செல்வாக்குச் செலுத்தும் காரணிகள் பற்றிய ஆய்வேடு ஒன்று உருவானது. பட்டமும் கிடைத்தது. கொப்பியில் இருந்த எதுவும் அதில் இல்லை.

அன்று நான் எதைத் தட்டிக்கழித்தேன் என்பது பிறகுதான் விளங்கியது. ஒப்பீட்டு வசனக் கணக்குகளில் வரும் இந்தப் பிழை உலக ஆய்வுக்குப் புதியதல்ல. லூயிஸ், மேயர் என்ற இருவர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், வசனத்திலுள்ள சொல் ஒரு செய்கையையும் கணக்கு அதற்கு நேரெதிரான செய்கையையும் கேட்கும்போது பல்கலைக்கழக மாணவர்கள்கூடத் தடுமாறுவதைக் காட்டினார்கள். ஆனால் அது ஆங்கிலத்தில் நடந்த ஆய்வு. ஆங்கிலத்தில் 'மோர்' என்ற சொல்லுக்கும் 'அட்' என்ற சொல்லுக்கும் ஓசையில் எந்த உறவும் இல்லை. தமிழில் 'கூட' என்பதும் 'கூட்டு' என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. ஆகவே நமது பிள்ளைக்குப் பொறி இரட்டிப்பாக இருக்கக்கூடும்: ஆசிரியரின் சூத்திரம் ஒரு பக்கம் இழுக்கிறது, மொழியே மறுபக்கம் தள்ளிவிடுகிறது. இது உண்மையா என்பதை ஆங்கிலத்தில் ஆய்வு செய்பவர் கண்டுபிடிக்க மாட்டார். தமிழில் கற்பிக்கும் ஒருவருக்கே அந்தக் கேள்வி எழும். அந்த ஆசிரியைக்கு எழுந்தது. நான் அதை வாசலோடு திருப்பி அனுப்பினேன்.

லீ ஷுல்மன் 1986இல் முன்வைத்த கருத்து இங்கே பொருந்தும். பாட அறிவு வேறு, பொதுவான கற்பித்தல் முறை அறிவு வேறு. ஒரு குறிப்பிட்ட பாடத்தை ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு விளங்க வைக்கும் அறிவு மூன்றாவது ஒன்று என்றார் அவர். பிள்ளை எங்கே, எதனால் பிழைவிடும் என்று அறிந்திருப்பது இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தது. நமது ஆய்வேடுகளில் பலவற்றின் மீளாய்வு அத்தியாயத்தில் ஷுல்மனின் பெயர் இருக்கிறது. அவர் சொன்ன அறிவுதான் நான்காம் அத்தியாயத்தில் இல்லை. லோரன்ஸ் ஸ்ரென்ஹவுஸ் 1975இல் எழுதிய கலைத்திட்ட நூலுக்கும் இதே கதிதான். ஆசிரியரே தன் வகுப்பறையின் ஆய்வாளர் என்பது அவரது அடிப்படை வாதம். அதை மேற்கோள் காட்டும் ஆசிரியர், தன் வகுப்பை விட்டுவிட்டு அடுத்த பாடசாலைகளுக்கு வினாக்கொத்துக் கொண்டுபோகிறார்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வினாக்கொத்து வேண்டாம் என்பது என் வாதமல்ல. ஒரு வலயத்தில் எத்தனை பாடசாலைகளில் கணித ஆசிரியர் இல்லை என்பதை அறிய எண்ணத்தான் வேண்டும். ஒரு வகுப்பில் கண்டது எல்லா வகுப்புக்கும் பொருந்தும் என்று எழுதுவதும் பிழை. அதோடு, இந்தப் பட்டத்தைப் படிப்பவர்கள் யார்? வாரநாட்களில் படிப்பித்துவிட்டு, சனி ஞாயிறில் பஸ் ஏறி விரிவுரைக்குப் போய், இரவில் பிள்ளைகளை உறங்கவைத்துவிட்டு எழுத உட்காரும் உம்மாமார்தான் அதிகம். கட்டணம் அவர்களது சம்பளத்திலிருந்து போகிறது. பதவி உயர்வுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். பாதுகாப்பான தலைப்பை அவர்கள் தேடுவதில் வியப்பில்லை. குற்றம், பாதுகாப்பான தலைப்பை மட்டும் ஆய்வு என்று அங்கீகரிக்கும் நம்மைப் போன்றவர்களுடையது.

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டம். ஆய்வுடன் கூடிய முதுமாணி 10ஆம் மட்டம். இந்த உயர்வுக்கு நியாயம் சொல்வது ஆய்வுதான். ஆய்வு வெறும் சடங்காகிவிட்டால் அந்த இரண்டு படிகளும் காகிதப் படிகளே.

"செயல்நிலை ஆய்வு செய்கிறார்கள்தானே" என்று சிலர் கேட்கலாம். செய்கிறார்கள். ஆனால் அதுவும் ஒரு அச்சுக்குள் போய்விட்டது. முன்சோதனை, தலையீடு, பின்சோதனை, புள்ளி உயர்வு. நான் வாசித்தவற்றில் தலையீடு தோற்றுப்போன ஆய்வு ஒன்றுகூட இல்லை. வகுப்பில் நாம் செய்வதில் பாதி தோற்கிறது என்பது ஒவ்வோர் ஆசிரியருக்கும் தெரியும். ஆய்வேட்டில் மட்டும் எல்லாம் வெற்றி என்றால், அதை யார் நம்புவது?

நமது சமூகத்தோடு சேர்ந்த இன்னொரு குறையும் உண்டு. அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியதும், ஏ.எம்.ஏ. அஸீஸ் 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிறாவின் அதிபராக இருந்ததும் முஸ்லிம் பாடசாலைகள் பற்றிய ஆய்வேடுகளின் அறிமுகத்தில் தவறாமல் வருகின்றன. அடுத்த பக்கத்தில் இருவரும் மறைந்துவிடுகிறார்கள். நமது பிள்ளைகளில் அநேகர் காலையில் பாடசாலைக்கும் பின்னேரம் ஓதுவதற்கும் போகிறார்கள். மத்ரஸாவில் ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே தன் பாடத்தை உஸ்தாதிடம் ஓதிக் காட்டுகிறது. சரியாக ஓதினால்தான் அடுத்த பாடம். பாடசாலையில் முழு வகுப்பும் ஒரே பக்கத்தில் ஒரே நாளில் நிற்கிறது. வலமிருந்து இடமாக ஓர் எழுத்து, இடமிருந்து வலமாக இன்னோர் எழுத்து. இந்த இரண்டு முறைகளுக்கும் இடையில் போய்வரும் ஏழு வயதுப் பிள்ளையின் வாசிப்பு எப்படி வளர்கிறது? ஒன்று மற்றதற்கு உதவுகிறதா, தடையா? இதைக் கவனித்து எழுதிய ஆய்வேடு எதுவும் என் கைக்கு வரவில்லை. பெருமை பேசுவதற்கு நமக்கு வரலாறு இருக்கிறது. கேள்வி கேட்பதற்கு அதைப் பயன்படுத்தவில்லை.

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. மூன்று சிறிய காரியங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, ஆசிரியரின் வகுப்பறைக் குறிப்பையும் பிள்ளைகளின் கொப்பிப் பிழைகளையும் தரவாக ஏற்க வேண்டும். ஒரு வகுப்புத்தான் என்றால் ஒரு வகுப்பு என்றே எழுதட்டும். எல்லையைச் சொல்லிவிட்டு எழுதுவது பலவீனமல்ல. இரண்டு, ஒவ்வோர் ஆய்வேட்டிலிருந்தும் எட்டுப் பக்கச் சுருக்கம் ஒன்றை, அட்டவணைத் தமிழில் அல்லாமல் ஆசிரியர் ஓய்வறையில் வாசிக்கக்கூடிய தமிழில் எழுதி, ஆய்வு நடந்த பாடசாலைகளுக்குக் கொடுக்க வேண்டும். இப்போது வினாக்கொத்தை நிரப்பிக் கொடுத்த ஆசிரியருக்கு, அதற்கு என்ன நடந்தது என்பதே தெரியாது. மூன்று, இதுபோன்ற சஞ்சிகைகள் அந்தச் சுருக்கங்களுக்குப் பக்கம் ஒதுக்க வேண்டும். கவிதைக்கும் சிறுகதைக்கும் கொடுக்கும் இடத்தில் சிறிது கொடுத்தால் போதும்.

அந்த ஆசிரியையை அண்மையில் ஒரு கலியாண வீட்டில் கண்டேன். இப்போதும் ஆரம்பப் பிரிவில்தான் படிப்பிக்கிறார். 'கூட எண்டா கூட்டு' என்று சொல்லிக் கொடுப்பதை விட்டுவிட்டாராம். "இப்ப முதல்ல ரெண்டு பேருக்கும் ரெண்டு கோடு கீறச் சொல்ற சேர். ஆருட கோடு நீளம் எண்டு பாத்துட்டுத்தான் கணக்கு. எல்லாரும் சரியாச் செய்றாங்க எண்டு சொல்ல மாட்டன். ஆனா யோசிக்கிறாங்க." ஆய்வேட்டைப் பற்றிக் கேட்டேன். வீட்டில் எங்கோ இருக்கிறது என்றார். கொப்பியை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார். அதிலுள்ளதை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறேன். தந்தால், இந்தச் சஞ்சிகை ஆசிரியரிடம் ஒப்படைப்பது என் கடமை.