சிற்றலை வானொலியும் நேயர் கடிதமும்: ஒரு திறனாய்வு நோக்கு

முன்னுரை

1941 மே 3 அன்று இலண்டனிலிருந்து தொடங்கப்பெற்ற பிபிசி தமிழ் ஒலிபரப்பு, 2017 ஏப்ரல் 30 அன்று தன் வானொலிச் சேவையை நிறைவு செய்தது. மணிலாவிலிருந்து தமிழில் ஒலித்த வெரித்தாஸ் வானொலியின் சிற்றலை ஒலிபரப்பு 2018 ஜூன் 30 அன்று ஓய்ந்தது. நெதர்லாந்து, கனடா ஆகிய நாடுகளின் பன்னாட்டு வானொலிகள் 2012-இலும், ஆஸ்திரேலிய வானொலி 2017-இலும் சிற்றலையைக் கைவிட்டன. இவ்வீழ்ச்சி பெரும்பாலும் நிலையங்களின் வரலாறாகவும் அறிவிப்பாளர்களின் நினைவாகவுமே எழுதப்படுகிறது. நேயர் அதில் கேட்பவராக மட்டுமே நிற்கிறார். அவர் எழுதியவரும் ஆவார். அவர் எழுதிய கடிதம் ஆராயத்தக்க ஓர் உரைநடை வகை என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

சான்றாகும் கடிதம்

சிற்றலை என்பது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைப் பகுதியாகும். இவ்வலைகள் அயனிமண்டலத்தால் திருப்பப்பட்டு நெடுந்தொலைவு செல்கின்றன. பொழுது, பருவம், ஏறத்தாழ 11 ஆண்டுச் சூரியப்புள்ளிச் சுழற்சி ஆகியவற்றுக்கேற்ப அவற்றின் வரவு மாறும். எனவே தன் ஒலி எவ்வாறு சென்றடைகிறது என்பதை நிலையம் நேயரிடமே கேட்டறிய வேண்டியிருந்தது.

நாள், நேரம், அலைவரிசை, கேட்ட நிகழ்ச்சியின் விவரம் ஆகியவற்றுடன், ஒலியின் வலிமை, குறுக்கீடு, இரைச்சல், பரவல், ஒட்டுமொத்தத் தரம் ஆகிய ஐந்துக்கும் 1 முதல் 5 வரை நேயர் மதிப்பெண் இட்டார். நிலையம் அதனைத் தன் பதிவேட்டுடன் ஒப்பிட்டு உறுதி அட்டை அனுப்பியது. உண்மையாகவே கேட்டவருக்கன்றி அந்த விவரம் எழுத வராது. ஆகவே இக்கடிதம் பாராட்டு மடல் என்பதினும் சான்றுரை என்பதே பொருந்தும்.

பெயரும் ஊரும்

மதிப்பெண்ணை அடுத்துக் கருத்துரை அமைந்தது. 1963-இல் தொடங்கிய சீன வானொலியின் தமிழ்ப் பிரிவில் சீனப் பணியாளர்கள் தமிழ்ப் பெயர் பூண்டு ஒலிபரப்பினர். தமிழகத்தில் அதற்கு நேயர் மன்றங்கள் இயங்கின. சென்னையிலிருந்து 'சர்வதேச வானொலி' என்னும் இதழ் வெளிவந்தது. தன் பெயரும் ஊரும் அயல்நாட்டு நிலையமொன்றில் வாசிக்கப்படுவதைக் கேட்பது, அச்சு ஊடகத்தில் இடம்பெறாத சிற்றூர் மனிதருக்குக் கிடைத்த பொது அடையாளமாகும்.

மறுபக்கம்

எனினும் இக்கடிதங்களை அப்படியே மக்கள் குரலாகக் கொள்ளுதல் பிழையாகும். பன்னாட்டு ஒலிபரப்புகள் பல அரசுகளின் பரப்புரைத் தேவையால் எழுந்தவை. எந்தக் கடிதம் ஒலிபரப்பாக வேண்டும் என்பதை நிலையமே தெரிந்தெடுத்தது. அட்டையும் பரிசும் பாராட்டைத் தூண்டக்கூடியவை. மேலும், கடிதம் எழுதாத நேயர் இத்தொகுதிக்கு வெளியே நிற்கிறார். 1990-களில் மின்சாரம் இன்றி, மின்கலத்துக்கும் தடை நிலவிய யாழ்ப்பாணத்தில் மிதிவண்டி டைனமோவைக் கொண்டு வானொலியை இயக்கிச் செய்தி கேட்டனர். அவர்களுக்குக் கேட்டல் பொழுதுபோக்கன்று, உயிர்காக்கும் தேவை. போர்ச்சூழலில் இருந்த அவர்தம் கேட்டலைக் கடிதத் தொகுதிகளைக் கொண்டு மட்டும் அளவிட இயலாது.

வீழ்ச்சியும் இரைச்சலும்

உயர்திறன் ஒலிபரப்பிகளின் மின்செலவு, பண்பலை, கைப்பேசி, இணையம் ஆகியவை வீழ்ச்சிக்குக் காரணமாகக் கூறப்படுகின்றன. கேட்குமிடத்தின் மாற்றமும் கருதத்தக்கது. எல்இடி விளக்கு, மின்னேற்றி, இன்வெர்ட்டர் ஆகியவற்றின் மின்சுற்றுகள் எழுப்பும் இரைச்சலில் மெல்லிய அலைகள் மூழ்கிப்போகின்றன. தாம்பரம் முதல் மறைமலை நகர் வரை வீடுகளும் ஆலைகளும் நெருங்கிய புறநகரில், எஞ்சியுள்ள நிலையங்களைப் பிடிப்பதும் அரிதாகிறது. இணையமோ தன் பயனாளரைத் தானே எண்ணிக்கொள்கிறது. அதற்குச் சான்றுரை தேவையில்லை. எண் நிலைத்தது, எழுத்து நின்றது.

முடிவுரை

அனுப்பிய கடிதங்கள் அயல்நாட்டுக் காப்பகங்களில் இருக்கலாம்; அழிந்தும் இருக்கலாம். உறுதி அட்டைகள், கடிதப் படிகள், குறிப்பேடுகள், ஒலிநாடாக்கள் ஆகியவையே இங்கு எஞ்சக்கூடியவை. முதிய நேயரின் மறைவுக்குப்பின் அவை பழைய தாளாக எடைக்குப் போகும் நிலையில் உள்ளன. தமிழ்த்துறைகளும் இதழியல் துறைகளும் இவற்றைத் தொகுத்து, நேயர்களின் வாய்மொழியைப் பதிவு செய்தல் வேண்டும். எழுதியவரைக் கேட்டறிய இன்னும் வாய்ப்புள்ள காலம் இதுவே.