கோபம் பரம்பரைச் சொத்தா?

"அப்பனுடைய கோபம் பிள்ளைக்கு அப்படியே வந்திருக்கிறது" என்று யாரேனும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நீங்களே சொல்லியும் இருக்கலாம். பா. இரஞ்சித் இயக்கத்தில் 2021இல் வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' படத்தின் அடியில் ஓடுவது இந்த எண்ணம்தான். குத்துச்சண்டைக்காகப் பார்த்த படத்தை இம்முறை மரபியல் கண்ணோடு பார்ப்போமா?

கதை நடப்பது 1970களின் வட சென்னையில். துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் கபிலனுக்குக் குத்துச்சண்டை என்றால் உயிர். தாய் பாக்கியத்துக்கோ அதன் பேரைக் கேட்டாலே நடுக்கம். குத்துச்சண்டை வீரராக இருந்த அவள் கணவர் அடிதடியில் இறங்கிக் கொலையுண்டவர். மகனும் அதே வழியில் போவானோ என்று அஞ்சுகிறாள்.

இந்த அச்சத்துக்கு அறிவியலில் இடமுண்டா? ஓரளவு உண்டு. இரட்டையர்களை ஆராய்ந்தவர்கள், மனிதருக்கு மனிதர் முரட்டுத்தனத்தில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி மரபு வேறுபாட்டோடு தொடர்புடையது என்கிறார்கள். இதைக் கொண்டு 'என் கோபத்தில் பாதி அப்பாவுடையது' என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். காசிமேட்டுக் கடலில் பாய் விரித்து ஓடும் கட்டுமரத்தின் வேகத்தில் பாய்க்கு எவ்வளவு, காற்றுக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியுமா? தனி மனிதரின் குணமும் அப்படித்தான்.

'கோப ஜீன்' என்று பெயர் வாங்கிய ஒன்றும் உண்டு. மூளையில் செரோடோனின் போன்ற பொருள்களைச் சிதைக்கும் மோனோஅமின் ஆக்சிடேஸ்-ஏ என்ற என்சைமை உண்டாக்கும் ஜீன் அது. நெதர்லாந்தில் ஒரு குடும்பத்து ஆண்கள் சிலரிடம் அது அறவே செயலற்றுப் போயிருந்ததும், அவர்கள் திடீர் திடீரென வெறிகொண்டதும் 1993இல் தெரியவந்தது. மிக அரிய குறைபாடு இது. இந்த ஜீன் இருப்பது எக்ஸ் குரோமோசோமில். மகனுக்கு எக்ஸ் கிடைப்பது தாயிடமிருந்து. தந்தை தருவது ஒய். ஆகவே பாக்கியம் அஞ்சுகிற 'அப்பன் வழிக் கோபம்' இந்த ஜீன் வழியாக வரவே முடியாது!

அதே ஜீன் குறைவாகச் செயல்படும் வகை பலரிடம் உண்டு. நியூசிலாந்தின் டனீடின் நகரில் பிறந்த பிள்ளைகளைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு 2002இல் ஒன்று சொன்னது: அவ்வகை ஜீனோடு, சிறுவயதில் கொடுமைக்கும் ஆளானவர்களிடமே வன்செயல் மிகுந்தது. அன்போடு வளர்ந்தவர்களிடம் அப்படி மிகவில்லை. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒரே மாதிரி உறுதிசெய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனிக் கபிலனைப் பாருங்கள். ரங்கன் வாத்தியாரின் கண்பார்வையில் அவன் கோபம் கைக்குள் அடங்கிய குத்தாகிறது. மேடையில் அவமானப்பட்டு, வாத்தியாரும் சிறையிலிருக்கும் நாளில் அதே கோபம் ஆயுதம் எடுக்கிறது, சாராயத்தில் முடிகிறது. பீடி ராயப்பனிடம் பயிற்சி பெற்றதும் மீண்டும் ஒழுங்குக்கு வருகிறது. ஜீன் மாறவில்லை, சூழல்தான் மாறியது.

படத்தின் குறையும் இங்கேதான். இந்த வீழ்ச்சியின் இடைக்காலத்தைப் படம் அவசரமாகத் தாண்டிவிடுகிறது. மெல்ல மெல்லக் கெட்டதைக் காணாத ரசிகர், 'இரத்தம் வேலையைக் காட்டிவிட்டது' என்றே நினைக்க இடமிருக்கிறது.

ஆனால் படத்தின் பெயரே அதற்கு மறுமொழி. வட சென்னையில் உண்மையிலேயே இருந்த குத்துச்சண்டைப் பரம்பரைகள் இரத்த வழி வந்தவை அல்ல. வாத்தியார் வழி வந்தவை. தம் மகன் வெற்றிச்செல்வனை விடுத்து ரங்கன் பிறர் பிள்ளையை மேடையேற்றுகிறாரே, அதுதான் அந்தப் பரம்பரை.

இதே சொல்லுக்கு நம் வரலாற்றில் கொடிய பொருளும் இருந்தது. 1871இல் ஆங்கிலேயர் இயற்றி, 1911 முதல் சென்னை மாகாணத்திலும் செல்லுபடியான குற்றப் பரம்பரைச் சட்டம், பல சாதிகளைப் பிறவிக் குற்றவாளிகளாக்கியது. இங்கே அது 1947இல்தான் ஒழிந்தது. சட்டம் போயிற்று; எண்ணம் போயிற்றா? ராயபுரத்துப் பையன், திருவொற்றியூர்ப் பையன் என்றதும் 'ரௌடி' என்று முத்திரை குத்துபவர் இன்றும் இல்லையா? அடுத்த முறை அப்படி ஒருவர் சொல்லக் கேட்டால், அந்தப் பையனுக்கு வாத்தியார் யார் என்று கேளுங்கள்.