நெய்தல் நிலத்து இரங்கல்: சோழமண்டலக் கலைஞர் கிராமம் பற்றிய நினைவேக்கம்

முன்னுரை

நெய்தல் திணைக்குரிய உரிப்பொருள் இரங்கலும் இரங்கல் நிமித்தமும் என்பது தமிழ் இலக்கண மரபு. கடலும் கடல் சார்ந்த நிலமும் எற்பாட்டுப் பொழுதும் அவ்விரங்கலுக்குக் களமாகின்றன. சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் 1966ஆம் ஆண்டு உருவான சோழமண்டலக் கலைஞர் கிராமத்தைப் பற்றிய நினைவுக் கட்டுரைகளையும் நேர்காணல்களையும் கண்காட்சி மலர்களையும் ஒருசேரப் படிப்போர், அவற்றிலும் இத்தகைய இரங்கலே மேலோங்கி நிற்பதைக் காணலாம். கீற்றுக் குடிசை, அரிக்கேன் விளக்கு, மணல்வெளி, விடியும்வரை நீண்ட உரையாடல், கையில் காசில்லாத நாளிலும் குன்றாத தோழமை ஆகியன இவ்வெழுத்துகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறுகின்றன. இந்நினைவேக்கம் எவற்றைப் பேணுகிறது, எவற்றை விட்டுவிடுகிறது என்பதைத் திணைக் கோட்பாட்டின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொஹீமிய வாழ்வு என்னும் கருத்தாக்கம்

சமூக நியமங்களுக்குள் அடங்காமல், வறுமையையும் தோழமையையும் ஒருங்கே கொண்டாடும் கலைஞர் வாழ்வு ஐரோப்பாவில் ‘பொஹீமிய வாழ்வு’ எனப்பட்டது. பாரிசு நகரத்து ஏழைக் கலைஞர்களைப் பற்றி ஆன்றி மூர்ழே 1840களில் இதழொன்றில் எழுதிய கதைகள் 1851இல் நூலாயின. அவற்றைத் தழுவிய பூச்சீனியின் இசைநாடகம் 1896இல் அரங்கேறியது. மூர்ழே தாம் வாழ்ந்து கடந்த இளமையையே கதைகளாக்கினார். எனவே, பொஹீமிய வாழ்வைப் பற்றிய எழுத்து அதன் தொடக்கத்திலேயே பின்னோக்கிய எழுத்தாக அமைந்துவிட்டது எனலாம். ஆயினும் அவ்வாழ்வின் முடிவு குறித்து மூர்ழேவுக்கு மயக்கம் இருந்ததில்லை. அவ்வாழ்வு ஒரு படிநிலை மட்டுமே. அது கலைஞனைக் கலைக்கழகத்திற்கோ மருத்துவமனைக்கோ பிணவறைக்கோ கொண்டுசேர்க்கும் என்று அவர் தம் முன்னுரையில் குறிப்பிடுகிறார். பிற்கால நினைவேக்கம் அவ்வாழ்வின் இனிமையை எடுத்துக்கொண்டு இவ்வெச்சரிக்கையைக் கைவிட்டது.

பணிக்கரின் வினா

கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977) 1957ஆம் ஆண்டு சென்னை அரசினர் கலைப்பள்ளியின் முதல்வரானார். அங்குப் பயின்று வெளியேறும் மாணவர் எதைக் கொண்டு வாழ்வது என்பது அவரை வருத்திய வினா. அந்நாளில் சென்னையில் ஓவியம் வாங்குவோர் மிகச் சிலர். ஆசிரியப் பணி, விளம்பர நிறுவனம், நெசவாளர் சேவை மையம் போன்ற சில வழிகளே இருந்தன. அவற்றுள் நுழைந்தோருக்குச் சொந்தப் படைப்புக்கான நேரம் அரிதாயிற்று. புரவலர் இன்றியும், முழுநேர ஊழியத்திற்கு உட்படாமலும் கலைஞன் வாழ இயலுமா என்பதே பணிக்கரின் வினாவாகச் சுருங்கி நின்றது.

அவர் கண்ட விடை கைவினை. 1960களின் முற்பகுதியில் ஆசிரியரும் மாணவரும் இணைந்து கலைஞர் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தனர். மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்கப்பட்டன. நாளின் ஒரு பகுதி கைவினைக்கு, எஞ்சியது கலைக்கு என்பது அவ்வமைப்பின் அடிப்படை. ஈஞ்சம்பாக்கத்து நிலம் பெரும்பாலும் இவ்விற்பனை வருவாயைக் கொண்டே வாங்கப்பட்டது. ஆகவே சோழமண்டலம் உழைப்பின் விளைவு. கூட்டுறவுக் கணக்கேட்டிலிருந்து எழுந்த ஊர். ஊர் சுற்றித் திரிந்த கலைஞர் தற்செயலாக ஒதுங்கிய கரையாக அதனைக் கருத இடமில்லை. நியமங்களை உதறுவது பொஹீமிய இயல்பாயின், நியமங்களை வகுத்துக்கொண்டு தொடங்கியது சோழமண்டலம்.

கைவினை இங்கு வயிற்றுப்பாட்டுக்குரிய இடைக்காலத் தொழிலாக மட்டும் நின்றுவிடவில்லை. திருவுருவங்களுக்குச் சாத்தப்படும் உலோகக் கவசத்தின் தொழில்நுட்பம் பி.வி. ஜானகிராமின் தகட்டுச் சிற்பங்களில் புதுமை பெற்றது. எஸ். நந்தகோபால் (1946–2017) செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து உருவாக்கிய சிற்பங்களில் உலோகவினையும் தொன்மமும் ஒன்றாயின. பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்கள் சாதகக் கட்டங்களையும் எழுத்துருக்களையும் நினைவூட்டுவன. சென்னைக் கலையியக்கத்தின் தனித்தன்மை எனத் திறனாய்வாளர் சுட்டும் கோட்டுச் சிறப்பும் அணியியல்பும் கைவினையோடு கொண்ட உறவைப் புறந்தள்ளி விளங்கிக்கொள்ளத்தக்கவை அல்ல.

கருப்பொருள் நீங்கிய திணை

முதல், கரு, உரி என்னும் மூன்றும் செய்யுளில் ஒன்றையொன்று விஞ்சிச் சிறப்பன என்பது தொல்காப்பிய நெறி. சோழமண்டலம் பற்றிய நினைவேக்க எழுத்தில் முதற்பொருளாகிய கடலும் மாலையும் உள்ளன. உரிப்பொருளாகிய இரங்கலும் உள்ளது. இடையிலிருக்கும் கருப்பொருள், சிறப்பாகத் தொழில், மங்கிவிடுகிறது. மெழுகு காய்ச்சியோர், சாயத் தொட்டியில் கையூன்றியோர், விற்பனைக் கணக்கு எழுதியோர் ஆகியோரைப் பற்றிய செய்தி ஓரிரு தொடர்களில் முடிய, நிலவொளியும் உரையாடலும் பக்கங்களை நிறைக்கின்றன. அர்னவாஸ் போன்ற பெண் ஓவியர் இங்கு வாழ்ந்து படைத்தனர் எனினும், பொஹீமியக் கலைஞன் என்னும் படிமம் ஆணுருவையே முன்னிறுத்துவதால் அவர்தம் உழைப்பும் இவ்வெழுத்துகளில் பின்தள்ளப்படுகிறது.

சங்க நெய்தற் பாடல்களோ இரங்கலுக்கு இடமளிக்கும்போதும் தொழிலை மறப்பதில்லை. அம்மூவனாரின் அகநானூற்றுப் பாடலில் (140) உமணர் மகள் உப்பின் விலை கூறித் தெருவில் வருகிறாள். நற்றிணை 45ஆம் பாடலில், நகரத்துச் செல்வன் மகன் கடற்கரைச் சிறுகுடிப் பெண்ணை விரும்பி வருகிறான். தோழி அவனைத் தடுத்து நிறுத்துகிறாள். தாங்கள் மீனுணங்கல் காப்போர், தங்கள்மேல் புலால் நாறும், தள்ளி நிற்க என்கிறாள். தங்களுள்ளும் அவனை ஒத்த செம்மல் உண்டு என்றும் பெருமிதத்தோடு கூறுகிறாள். கடற்கரையை அழகின் பொருட்டு மட்டும் நாடி வருவோர்க்கு அந்நிலத்தில் உழைப்போர் தரும் விடையாக இப்பாடலைக் கொள்ள இடமுண்டு. சோழமண்டலத்திற்கு அருகில் வாழும் மீனவர் அதன் நினைவெழுத்துகளில் தொலைவில் தெரியும் கட்டுமரமாகவே பெரும்பாலும் சுருங்கிவிடுவதை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ராமானுஜத்தின் மறைவு

நினைவேக்கத்தின் எல்லையைத் தெளிவாகக் காட்டுவது கே. ராமானுஜத்தின் வாழ்வு. கலைப்பள்ளியில் பணிக்கரிடம் பயின்று சோழமண்டலத்தில் வாழ்ந்த அவர், மாயமாளிகைகளும் விந்தை விலங்குகளும் நிறைந்த கனவுலகைக் கோடுகளால் படைத்தார். தொப்பி அணிந்த தம் உருவத்தை அக்கனவுலகின் நடுவே அமைத்தார். மனநோயாலும் தனிமையாலும் துன்புற்ற அவர் 1973ஆம் ஆண்டு, முப்பதுகளின் தொடக்கத்திலேயே, தம் உயிரை மாய்த்துக்கொண்டார். தோழமை மிக்கதெனப் போற்றப்படும் ஊரில் நிகழ்ந்த இம்மறைவைப் பொஹீமியச் சட்டகம் ‘கலைப்பித்தின் விலை’ என எளிதில் செரித்துக்கொள்கிறது. மருத்துவமும் நிலையான வருவாயும் அரவணைப்பும் தேவைப்பட்ட மனிதர் அச்சட்டகத்தில் ஒரு தொன்மமாகிவிடுகிறார்.

ராமானுஜத்தின் வாழ்வை அடிப்படையாகக் கொண்டு சி. மோகன் எழுதிய ‘விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்’ என்னும் புதினம் இங்குக் கருதத்தக்கது. ஊரின் பொதுக்கதையிலிருந்து விலகித் தனி ஒருவரை நடுவில் நிறுத்துவதன்மூலம், அவ்வூரை இன்ப நிலமாக மட்டும் வாசிக்க இயலாத நிலையை அப்புதினம் ஏற்படுத்துகிறது. கலைஞனின் வறுமையைப் பெருமையாக எண்ணும் பழக்கம் தமிழிலக்கிய உலகிற்கும் புதிதன்று. புதுமைப்பித்தன், ஜி. நாகராஜன் ஆகியோர் நினைவுகூரப்படும் முறையிலும் இப்போக்கைக் காணலாம். இறந்தபின் போற்றப்படும் வறுமை, வாழுங்காலத்தில் யாருடைய பொறுப்பு என்னும் வினா அப்போற்றுதலில் மறைந்துவிடுகிறது.

இரங்கல் நிமித்தம்

இரங்கலோடு ‘நிமித்தம்’ என்பதையும் மரபு இணைத்துக் கூறுதல் பொருளுடையது. அவ்வாறாயின், சோழமண்டலத்தைக் குறித்த இரங்கலுக்கு உண்மை நிமித்தம் யாது? குடிசைகள் நிலையான வீடுகளாயின. விசுவநாதன், அக்கித்தம் நாராயணன் ஆகியோர் பாரிசிலும், எஸ்.ஜி. வாசுதேவ் பெங்களூரிலும் வாழ்வை அமைத்துக்கொண்டனர். கிழக்குக் கடற்கரைச் சாலையின் விரிவாக்கத்தால் நிலத்தின் விலை உயர்ந்தது. 2009ஆம் ஆண்டு சென்னைக் கலையியக்கத்திற்கான அருங்காட்சியகம் அவ்வளாகத்தில் திறக்கப்பட்டது. மீனவர் கொட்டில்களில் ஓவியர் குடியேறிய இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் கடற்கரையிலும் 1993இல் டேட் கலைக்கூடம் எழுந்தது. கலைஞர் ஊர் காட்சிக்குரிய ஊராதல் பிறநாடுகளிலும் நிகழ்வதே.

இம்மாற்றங்களை இழப்பாக மட்டும் கருதுதல் பொருந்தாது. கூரை ஒழுகாத வீடும் பாதுகாப்பான சேமிப்பும் கலைஞர்க்கு உரியனவே. அருங்காட்சியகம் இன்றேல் அவ்வியக்கத்தின் படைப்புகள் சிதறிப்போயிருக்கக்கூடும். இரங்கத்தக்கது வேறு. ஓவியச் சந்தை வளர்ந்து, தனித்தனிப் பெயர்களுக்கு விலை கிடைக்கத் தொடங்கிய பின்னர்க் கூட்டுக் கைவினையின் மையத்தன்மை குறைந்தது. அதனுடன் பணிக்கரின் வினாவும் பின்தங்கியது. ஓவியக் கல்வி முடித்து இன்று வெளிவரும் இளைஞர் அதே வினாவைத் தனித்தனியே எதிர்கொள்கின்றனர். அவர்களுக்கு அரிக்கேன் விளக்கின் நினைவால் பயனில்லை. விற்பனைக் கணக்கேட்டின் வரலாறு பயன்படக்கூடும்.

முடிவுரை

சோழமண்டலம் குறித்த நினைவேக்கம் முதற்பொருளையும் உரிப்பொருளையும் பேணிக் கருப்பொருளை நழுவவிடுகிறது. அதனால் கூட்டுழைப்பால் எழுந்த ஊர் கட்டற்ற களிப்பின் ஊராகவும், துயருற்ற கலைஞர் தொன்மமாகவும் உருமாறுகின்றனர். நெய்தற் பாடல் மரபு உப்பின் விலையையும் மீனின் புலாலையும் இரங்கலோடு ஒருங்கே வைத்துப் பாடியது. அம்மரபின்வழி அவ்வூரின் வரலாறு எழுதப்படுமாயின், இரங்கலும் பொருளுடையதாகும். கலைஞன் எவ்வாறு வாழ்வது என்னும் வினாவும் மீண்டும் உயிர்பெறும்.