பிராம்ப்ட்டில் பாதி முகவரி

டெர்மினலைத் திறந்ததும் வந்து நிற்கும் அந்தச் சின்ன வரிக்கு, அதாவது பிராம்ப்ட்டுக்கு, என்னைப் பொறுத்தவரை முதல் வேலை ஒன்றுதான்: அடுத்து நான் அடிக்கப்போகிற கமாண்டு எந்த டைரக்டரியில் ஓடும் என்று சொல்வது. நேரம், பேட்டரி, கிட் கிளை எல்லாம் அப்புறம். இந்த ஒரு வேலையை ஷெல்கள் எப்படிச் செய்கின்றன என்று பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பாஷ் ஷெல்லில் பிராம்ப்ட்டின் வடிவத்தைத் தீர்மானிப்பது பிஎஸ்1 என்ற மாறி. எதுவுமே அமைக்காத வெறும் பாஷ், தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் காட்டும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? இடத்தைக் காட்ட இரண்டு குறிகள் உண்டு. பேக்ஸ்லாஷோடு சின்ன டபிள்யூ போட்டால் முழுப் பாதை. பெரிய டபிள்யூ போட்டால் கடைசிப் பெயர் மட்டும். உபுண்டுவும் டெபியனும் முன்னதைத் தருகின்றன. ரெட் ஹாட் வழி வந்தவை பின்னதை. மேக்கில் 2019-இல் கேட்டலினாவோடு இசட்ஷெல் வந்தபோதும் கடைசிப் பெயர்தான்.

என் குறை இந்தக் கடைசிப் பெயர் மேல்தான். ஒரு சர்வரில் 'கடை/லைவ்/படங்கள்', 'கடை/டெஸ்ட்/படங்கள்' என்று இரண்டு டைரக்டரி இருக்கிறது என்று வையுங்கள். இரண்டிலும் பிராம்ப்ட் 'படங்கள்' என்றே சொல்லும். தெருப்பெயர் இல்லாமல் வீட்டு எண்ணை மட்டும் சொல்வது மாதிரி. டெஸ்ட் என்று நினைத்து லைவில் ஆர்எம் கமாண்டை ஓட்டினால் போச்சு. அதற்குக் குப்பைத்தொட்டி கிடையாது.

அப்படியானால் முழுப் பாதையா? அதிலும் தொல்லை. ஏழெட்டு அடுக்கு உள்ளே போனால் பாதை திரையின் பாதியைத் தின்றுவிடும். நீளமாகிவிட்டால் கண் அதைப் படிப்பதையே விட்டுவிடும். ஃபிஷ் ஷெல் மேல் அடுக்குகளை ஒவ்வோர் எழுத்தாகச் சுருக்குகிறது. அழகுதான். ஆனால் லைவ், லோக்கல் இரண்டுக்கும் அங்கே 'எல்' மட்டுமே மிஞ்சும்.

சரியான நடுவழி பாஷிலேயே இருக்கிறது. பிராம்ப்ட்_டிர்ட்ரிம் என்ற மாறிக்கு 3 என்று கொடுத்தால், முழுப் பாதையில் கடைசி 3 அடுக்கு மட்டும் நிற்கும், மேலே உள்ளது மூன்று புள்ளியாகும். பாஷ் 4-இலிருந்தே உள்ள வசதி. பாஷ்ஆர்சி கோப்பில் ஒரே வரி. இதைப் பெரும்பாலானோர் இயல்பாகவே தராததுதான் எனக்குப் புரியவில்லை.

இதிலும் ஒரு எல்லை உண்டு. சிம்லிங்க் வழியாக உள்ளே போயிருந்தால், பிராம்ப்ட் காட்டுவது நீங்கள் வந்த வழியை. நிற்கும் உண்மையான இடத்தை அல்ல. அப்போது 'சிடி' போட்டு இரண்டு புள்ளி கொடுத்தால் வந்த வழியே திரும்பும். 'எல்எஸ்' போட்டு அதே இரண்டு புள்ளி கொடுத்தால் நிஜமான மேல் டைரக்டரியைக் காட்டும். இரண்டும் வேறு வேறாக இருக்கலாம். ஆகவே எதையும் அழிக்கும் முன் 'பிடபிள்யூடி' கமாண்டைப் பெரிய பி ஆப்ஷனோடு ஒரு தடவை அடித்துப் பாருங்கள். மூணு செகண்டு வேலை.