ஒரு பல் குறைந்தால்

'இரண்டுங்கெட்டான்' என்று நம் பக்கத்தில் ஒருவரைச் சொன்னால் அது வசவு. டூயல் ஸ்போர்ட் மோட்டார் சைக்கிளைப் பார்த்தும் பலர் அதையேதான் சொல்கிறார்கள். தார்ச்சாலையில் வேகம் போதாது, மண்ணில் பந்தய வண்டி அளவுக்குத் தாவாது என்பது புகார். எனக்கோ அந்த இரண்டுங்கெட்ட தன்மைதான் அதன் பெருமையாகத் தெரிகிறது. வாரம் முழுக்க அலுவலகத்துக்கும், ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்கும் ஒரே வண்டி போகிறது. மண்பாதைக்காக அதை மாற்றியமைக்கும் பழக்கத்தை எடைபோட என்னிடம் உள்ள படிக்கல் இதுதான்: ஒரு மாற்றம் மண்ணில் எவ்வளவு தருகிறது, அதற்கு ஈடாகச் சாலையில் எவ்வளவு பறிக்கிறது?

நான் ஓட்டுவது ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. அதே நிறுவனம் 2011இல் இம்பல்ஸ் என்ற 150 சிசி வண்டியைக் கொண்டுவந்து, சில ஆண்டுகளில் நிறுத்திவிட்டது. 2019 மே மாதம் எக்ஸ்பல்ஸ் வந்தபோது கார்புரேட்டர் வகையின் டெல்லி ஷோரூம் விலை 97,000 ரூபாய். 21 அங்குல முன்சக்கரம், 18 அங்குலப் பின்சக்கரம், இரண்டும் கம்பிச் சக்கரங்கள். எஞ்சினுக்கும் தரைக்கும் 220 மில்லிமீட்டர் இடைவெளி. முன் ஃபோர்க் 190 மில்லிமீட்டரும் பின் சக்கரம் 170 மில்லிமீட்டரும் ஏறி இறங்கும். ஒரு லட்சத்துக்குள் இப்படி ஒரு வண்டி கிடைத்ததால்தான், கல்லூரி முடித்த பிள்ளைகள்கூட மண்பாதை ஓட்டத்தைத் தங்களுக்கும் எட்டும் ஒன்றாக நினைக்கத் தொடங்கினார்கள்.

குறை எடையில் இருக்கிறது. எக்ஸ்பல்ஸ் 150 கிலோவைத் தாண்டுகிறது. எண்டியூரோ பந்தயங்களில் ஓடும் வண்டிகள் 110 கிலோவைச் சுற்றி நிற்கின்றன. நடுவில் இருப்பது ஏறக்குறைய ஒரு சிமெண்ட் மூட்டை. சேற்றில் சாய்ந்த வண்டியைத் தனியாளாகத் தூக்கி நிறுத்தியவருக்கு அந்த மூட்டையின் கனம் தெரியும். மண்ணுக்காகச் செய்யும் மாற்றங்கள் அதைக் குறைக்க வேண்டும், குறைந்தபட்சம் கூட்டாமலாவது இருக்க வேண்டும். கடைகளில் விற்பவற்றில் பெரும்பாலானவை அதைக் கூட்டுகின்றன. இந்தப் பழக்கத்தின் மீது எனக்குள்ள முதன்மையான குறை இதுவே.

நல்லதிலிருந்து தொடங்குகிறேன். மண்ணில் வண்டியின் குணத்தையே மாற்றுவது டயர். அதிலும் டயருக்குள் இருக்கும் காற்று. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரியில், பனைமரங்களுக்கு ஊடே போகும் ஊர்ப்பாதையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். செம்மணல் மாவு போல் இருக்கும். சாலைக்கு நிரப்பிய காற்றோடு இறங்கினால் முன்சக்கரம் கலப்பைபோல் உழுதுகொண்டு ஒரு பக்கமாக இழுக்கும். பதினாறு, பதினெட்டு பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றை இறக்கிவிட்டால் டயர் கொஞ்சம் தட்டையாகி அகலமாகப் பதியும். அதே மணலில் அதே வண்டி மிதந்து போகும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. ஆனாலும் காற்றைக் குறைப்பதில் ஒரு வரம்பு உண்டு. கூரான கல்லில் மோதும்போது, காற்றில்லாத டயர் அமுங்கி, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கும். பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு ஓட்டை விழும். எனவே மணலுக்கு இறக்கிய காற்றோடு சரளைப் பாதையில் ஏறக் கூடாது. திரும்பத் தார்ச்சாலைக்கு வந்ததும் பம்பை எடுக்கச் சோம்பலும் படக் கூடாது.

அடுத்த படி, பெரிய கட்டைகள் கொண்ட மண்டயர். களிமண்ணில், நனைந்த ஏற்றத்தில் அது தரும் பிடிப்பு சாலை டயரோடு ஒப்பிட முடியாதது. ஆனால் அதே கட்டைகள் மழை நனைத்த தார்ச்சாலையில் நெளிகின்றன. பிரேக் பிடித்தால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் கேட்கிறது. வளைவில் சாய்க்கும்போது அடியில் ஏதோ நழுவுவது போன்ற உணர்வு வருகிறது. தேய்மானமும் வேகம். நகரத்தில் இருப்பவர் பத்துக் கிலோமீட்டர் மண்பாதைக்காக அறுபது கிலோமீட்டர் தார்ச்சாலையில் போய் வருகிறார். அவருக்கு வண்டியோடு வந்த இருவழி டயரும் ஒரு நல்ல கைப்பம்பும் போதும் என்பது என் கணக்கு. தோட்டத்திலேயே வீடு, வாசல் தாண்டினால் வண்டிப்பாதை என்று இருப்பவருக்குக் கணக்கு வேறு.

டயருக்கு அடுத்து, உடம்பும் வண்டியும் தொட்டுக்கொள்ளும் இடங்கள். மண்ணில் பாதி நேரம் நின்றபடிதான் ஓட்ட வேண்டும். முழங்கால்கள் மடங்கி நீளும்போது நம் உடம்பே இரண்டாவது ஷாக் அப்சார்பர் ஆகிறது. வண்டி நமக்குக் கீழே தன்போக்கில் ஆடலாம். ஹேண்டில்பார் தாழ்வாக இருந்தால் நின்றவர் முதுகை வளைக்கிறார், எடை முழுதும் உள்ளங்கைக்கு வருகிறது, ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஆக்சிலரேட்டர் தானாகத் திருகிக்கொள்கிறது. ஹேண்டில்பாரை ஓரிரு அங்குலம் உயர்த்தும் அலுமினியத் துண்டும், பாதம் முழுவதையும் தாங்கும் அகலமான ஃபுட்ரெஸ்டும் சிறிய பொருள்கள்தான். இரண்டு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு உடம்பு அவற்றின் பயனைச் சொல்லும். ஹேண்டிலை உயர்த்தும்போது கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோசும் இருபுறமும் முழுக்கத் திருப்பினாலும் இழுபடாமல் இருக்கின்றனவா என்று பார்க்காமல் விட்டால் மட்டும் ஆபத்து.

அதற்கும் முன்னால், காசில்லாமல் செய்யக்கூடியவை இருக்கின்றன. நின்றபடி விரலை நீட்டினால் மணிக்கட்டு மடங்காமல் எட்டும்படி கிளட்ச், பிரேக் லீவர்களைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்பலாம். அவற்றின் பிடிப்புத் திருகை, கையால் பலமாகத் தள்ளினால் சுழலும் அளவுக்கு மட்டும் இறுக்கலாம். வண்டி விழும்போது லீவர் உடையாமல் திரும்பிக்கொள்ளும். பல வண்டிகளில் ஃபுட்ரெஸ்ட் மேலுள்ள ரப்பரைக் கழற்றினால் அடியில் பல்வைத்த இரும்பு இருக்கும். சேற்றுக்காலுக்கு அதுதான் பிடிப்பு. மாற்றியமைப்பதைப் பற்றிய பேச்சில் இவை கடைசியாக வருவதும், பல நேரம் வராமலே போவதும் எனக்கு வருத்தம் தரும் விஷயம். ஸ்பேனரும் அரைமணி நேரமும் இருந்தால் முடிகிற வேலையைச் சொல்லித் தருவதற்கு ஆளில்லை.

செயின் ஸ்ப்ராக்கெட் மாற்றம் என் படிக்கல்லுக்குச் சரியாக நிற்கும் ஒன்று. முன்பக்கம் 13 பல், பின்பக்கம் 39 பல் என்று வைத்துக்கொண்டால் விகிதம் 3. முன்னால் ஒரே ஒரு பல்லைக் குறைத்து 12 போட்டால் விகிதம் 3.25 ஆகிறது. பின்சக்கரத்தில் இதே பலனைப் பெற மூன்று பல் கூட்ட வேண்டும். அந்த ஒரு பல்லில் முதல் கியர் நடை வேகத்துக்கு இறங்குகிறது. பாறை நிறைந்த ஓடையில் கிளட்சை வழுக்கவிட்டுக் கருக்காமல் ஊர்ந்து ஏறலாம். விலை சொற்பம். பறிப்பது என்ன? அதே வேகத்துக்கு எஞ்சின் நூற்றுக்கு எட்டுச் சுற்று அதிகமாகச் சுழலும். சிறிய பல்சக்கரத்தில் செயின் இன்னும் கூர்மையாக வளைவதால் தேய்மானம் கூடும். நால்வழிச் சாலையில் எண்பதில் போகும்போது எஞ்சின் முனகுவது காதில் விழும். ஆனால் பிடிக்கவில்லை என்றால் கழற்றிப் பழையதை மாட்டிவிடலாம். திரும்பப் பெறக்கூடிய தவறு, தவறே ஆனாலும், பெரிய தவறல்ல.

சஸ்பென்ஷன் அப்படியல்ல. 2020இல் ஹீரோ நிறுவனமே எக்ஸ்பல்ஸுக்கு ராலி கிட் ஒன்றை 38,000 ரூபாய்க்கு விற்றது. முன்பக்க அசைவு 190இலிருந்து 250 மில்லிமீட்டருக்கும் பின்பக்கம் 170இலிருந்து 220க்கும் உயர்ந்தன. மண்ணில் அதன் பலனை மறுக்க முடியாது; குழியில் இறங்கும்போது அடிவயிற்றில் இடிக்கும் அந்த 'டக்' என்ற சத்தம் மறைந்துவிடுகிறது. கூடவே உட்காரும் உயரமும் ஏறிவிடுகிறது. பின்னர் 2023இல் இதே அசைவுகளோடு தொழிற்சாலையிலிருந்தே வந்த எக்ஸ்பல்ஸ் 200 4வி ப்ரோவின் இருக்கை உயரம் 891 மில்லிமீட்டர். ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவருக்கு ஒரு கால் விரல்நுனிதான் தரையைத் தொடும். சமதளத்தில் சமாளிக்கலாம். சரிவான பாதையில், பள்ளமான பக்கம் கால் ஊன்ற வேண்டி வந்தால் ஊன்ற நிலமே இருக்காது. அசைவு கூடியதால் வண்டி விழாமல் தப்பிய இடங்களும் உயரம் கூடியதால் விழுந்த இடங்களும் என் நண்பர்களிடம் சம அளவில் இருக்கின்றன.

இந்தச் செலவுக்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பலர் செய்வதில்லை. நாம் வழக்கமான உடையில், வழக்கமான பையோடு ஏறி நின்றால் சஸ்பென்ஷன் தன் மொத்த அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். கூட அமுங்கினால் குழியில் அடி இடிக்கும். குறைவாக அமுங்கினால் சக்கரம் பள்ளத்தைத் தொடர்ந்து இறங்காமல் தாவும். இதை அளக்க ஒரு டேப்பும் ஒரு தோழரும் போதும். பின் ஷாக்கின் ப்ரீலோடு வளையத்தை இறுக்கினால் ஸ்ப்ரிங் கடினமாகிறது என்று மெக்கானிக்குகள்கூடச் சொல்கிறார்கள். அது வண்டியின் நிற்கும் உயரத்தைத்தான் மாற்றுகிறது. ஸ்ப்ரிங்கின் கடினம் அதன் கம்பியின் தடிமனிலும் சுற்றுகளிலும் இருக்கிறது. தொண்ணூறு கிலோ உடம்புக்கு அறுபது கிலோவுக்கான ஸ்ப்ரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. இன்னொரு மலிவான வழியாக, பின்பக்க இணைப்புத் தகடுகளை மட்டும் மாற்றிப் பின்புறத்தைத் தூக்குகிறார்கள். ஃபோர்க் செங்குத்தாகி, வேகத்தில் முன்சக்கரம் துடிக்கிறது. சைடு ஸ்டாண்டு எட்டாமல் வண்டி சரிகிறது. செயின் தொய்வும் மாறிப்போகிறது. ஒரு முனையை மட்டும் தூக்கினால் வண்டியின் நடையே கெட்டுவிடும்.

கவசங்களைப் பற்றி எனக்கு அனுபவம் வலியோடு வந்தது. எஞ்சின் அடியில் போடும் உலோகத் தட்டு தேவையானது. ஒரு கல் எஞ்சின் அடிப்பாகத்தை உடைத்தால் எண்ணெய் வடிந்து பயணம் அங்கேயே முடியும். கைகளுக்கு முன்னால் வரும் ஹேண்ட்கார்டும் அப்படித்தான். ஆனால் வண்டி வாங்கிய முதல் மாதமே, பார்க்கத் திடமாக இருக்கிறதென்று கனமான இரும்புக் குழாய் கிராஷ் கார்டு ஒன்றைப் பூட்டினேன். ஓடைப் படுகையில் நடைவேகத்தில் சாய்ந்தபோது, கார்டின் கீழ்க்குழாய்க்கும் பாறைக்கும் நடுவில் என் கணுக்கால் மாட்டிக்கொண்டது. டேங்கில் ஒரு கீறலும் இல்லை. கார்டு ஃபிரேமில் பூட்டியிருந்த இடம் வளைந்திருந்தது. மூன்று வாரம் நொண்டினேன். தார்ச்சாலையில் வண்டி வழுக்கினால் கார்டு காலுக்கு இடம் கொடுத்துக் காக்கும். அதற்கு நான் நன்றி மறக்கவில்லை. மண்ணில் விழுகையில், தாங்க வேண்டிய அடியை அது நேராக ஃபிரேமுக்குக் கடத்துகிறது. பக்கவாட்டு இரும்புப் பெட்டிகளுக்கும் இதே குறை: வேகத்தில் கால் ஊன்றினால் பெட்டி கெண்டைக்காலின் மேல் ஏறும். துணிப்பைகளை அப்படிக் குறைசொல்ல முடியாது.

சைலன்சர் மாற்றத்துக்கு நான் எதிரி. பத்தொன்பது குதிரைத்திறனைச் சுற்றி நிற்கும் எஞ்சினில் அது கூட்டித் தருவது மிகக் குறைவு. எரிபொருள் அளவைச் சேர்த்துத் திருத்தாவிட்டால் கலவை மெலிந்து சூடு கூடும். தேரி போன்ற இடத்தில், காற்று தாராளமாக வரட்டும் என்று திறந்த ஏர் ஃபில்டர் போட்டால் அந்த மாவு மணல் சிலிண்டருக்குள்ளும் தாராளமாகப் போகும். கூடுவது சத்தம் ஒன்றே. மண்பாதை என்பது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய ஊருக்குப் போகும் வழி. ஆடு ஓட்டிவரும் பாட்டியும், பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளும் அந்தச் சத்தத்துக்கு ஒதுங்கி நிற்பதைப் பார்த்தவன் நான். மழை ஈரம் காயாத மலைப்பாதையைக் கட்டை டயரால் உழுதுவிட்டு நாம் வீடு திரும்பிவிடுகிறோம். அவர்கள் அடுத்த மாதமும் அந்தச் சேற்றில்தான் நடக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது குற்றம்.

சட்டம் இன்னொரு பக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தம், மீறும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று வைத்தது. வண்டியின் அடிப்படை அம்சம் மாறும் கட்டமைப்பு மாற்றத்தையே சட்டம் 'மாற்றம்' என்று விளக்குகிறது. எனவே லீவரைத் திருப்புபவர் பயப்பட வேண்டியதில்லை. ஃபிரேமை அறுத்து வெல்டிங் வைப்பவர் பயப்பட வேண்டும். நடுவில் இருக்கும் பலவற்றுக்குத் தெளிவான கோடு இல்லாதது ஓட்டுபவருக்கும் அதிகாரிக்கும் சங்கடம். அந்த வகையில், உயரமான சஸ்பென்ஷனைத் தனி வகையாகத் தொழிற்சாலையே விற்பது நல்ல வழி. வாங்குபவர் பதிவுச் சான்றை மறைத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

டக்கார் பந்தயப் படங்களைப் பார்த்து முன்னால் கோபுரம்போல் கண்ணாடியும் விளக்கும் வைப்பவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. கேரளத்தின் ஷொரணூரைச் சேர்ந்த ஹரித் நோவா 2024 டக்காரில் ராலி 2 பிரிவை வென்றபோது நானும் துள்ளினேன். ஆனால் அந்தக் கோபுரம் வழிக்குறிப்பையும் திசைக்கருவிகளையும் தாங்குவதற்காக இருக்கிறது. அவை இல்லாத நம் வண்டியில் அது ஹேண்டிலுக்கு முன்னால் தொங்கும் வெறும் எடை.

என் வண்டியிலிருந்து அந்த இரும்புக் கார்டைக் கழற்றி ஆண்டுகள் ஆகின்றன. அடித்தட்டு, ஹேண்ட்கார்டு, அகலமான ஃபுட்ரெஸ்ட் மட்டும் மிச்சம். முதுகுப்பையில் கைப்பம்பு, இரண்டு டயர் லீவர், ஒரு ட்யூப். 12 பல் ஸ்ப்ராக்கெட் கிரீஸ் தடவிச் செய்தித்தாளில் சுற்றியபடி அலமாரியில் இருக்கிறது. தை பிறந்து ஓடைகள் வற்றியதும் அதை மாட்டிச் செயினை இழுத்துக் கட்டுவேன். நெடுந்தூரப் பயணம் எதுவும் வந்தால் முந்தின நாள் மாலை கழற்றுவேன்.