காணாமற்போன ஒரு மணித்தியாலம்: பழைய தலைப்புச் செய்திகளை எப்படி ரசிப்பது

பழைய பேப்பரை ஆராய்ச்சிக்காரர்களுக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது. கச்சான் சரையைப் பிரிக்கும்போதும் குசினித் தட்டில் விரித்த தாளை மாற்றும்போதும் ஒரு தலைப்பு கண்ணில் படும். கீழே செய்தி கிழிந்து போயிருக்கும். ரசனைக்கு அந்தத் தலைப்பே போதும். அது சொன்னபடியே எல்லாம் நடந்திருந்தால் மறுநாள் விடியும்போது நம்மூரில் என்னென்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே போக வேண்டும். நாவிதன்வெளியில் இருந்துகொண்டு இதைச் செய்வது தனிச் சுகம். கொழும்பில் கோத்த தலைப்பு இங்கே வந்து சேரும்போது வயல், களப்பு, கோயில், பள்ளிவாசல், யானை என்று ஒவ்வொன்றோடும் முட்டிக்கொள்ளும்.

எனக்கு மிகப் பிடித்த தலைப்பு 1996 மே மாதத்தது. மழை பொய்த்து, நீர்மின் உற்பத்தி விழுந்து, நாடு நீண்ட மின்வெட்டில் கிடந்தது. பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தலாம் என்று அரசாங்கம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. மே 25 பிறந்த நள்ளிரவில் 12 மணி அடித்ததும் 1 மணி ஆகிவிட்டது.

இந்தத் தலைப்பை முதலில் முழுமனதாக நம்புங்கள். நம்பியபின் வீடு வீடாகப் போய்ப் பாருங்கள். சேவல் பழையபடிதான் கூவுகிறது. ஆனால் அரசாங்க நேரப்படி அது ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டது. கிராம சேவகர் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புகிறார். கதிர் ஒரு மணித்தியாலம் முந்தியே முற்றியிருக்கும் என்று போடியார் வெட்டுக்காரரைக் கிளப்புகிறார். கடன்பட்டவர் இல்லாமற்போன அந்த ஒரு மணித்தியாலத்துக்கு வட்டியைக் கழிக்கச் சொல்கிறார். "மணிக்கூடுதான் ஓடின, என்ட காசு ஓடல்ல" என்கிறார் கொடுத்தவர். வயற்காவலுக்குப் போனவர் ஐந்து மணி ஆயிற்றென்று பரணை விட்டு இறங்குகிறார். யானைக்கோ இன்னும் நாலு மணிதான்.

பள்ளிவாசலில் மட்டும் குழப்பமே இல்லை. இங்கே ஒரு தகவலைத் தெரிந்துகொண்டால் ரசனை இரட்டிப்பாகும். நமது பழைய நேரம் 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டை வைத்துக் கணித்தது. கல்முனை அந்தக் கோட்டுக்குச் சற்றே மேற்கில் இருக்கிறது. ஆகவே நமக்கு உச்சிப்பொழுதும் 12 மணியும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். 1996இல் உச்சி ஒரு மணிக்கு நகர்ந்தது. லுஹர் பாங்கும் அதன் பின்னாலேயே போனது. சூரியனைப் பார்த்து நடப்பவர்களுக்கு எந்த வர்த்தமானியும் தேவைப்படவில்லை.

மே மாதத்து அந்த இரவின் 12க்கும் 1க்கும் இடையில், அரசாங்க நேரப்படி, இந்த நாட்டில் ஒரு பிள்ளையும் பிறந்திருக்க முடியாது. அதைவிட ருசியானது அதே வருடம் ஒக்டோபர் 26. அன்று நேரத்தை அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள், 12.30 மறுபடி 12 ஆயிற்று. ஒரு வீட்டில் இரட்டைப் பெண்பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது பிள்ளை 12.20க்கு. நேரம் பின்னே போனபிறகு அடுத்தவள் 12.05க்கு. எழுதிவைத்த நேரத்தின்படி பிந்திப் பிறந்தவள்தான் ராத்தா! பதினைந்து நிமிடம் முந்தி வந்தவள் அவளை ராத்தா என்று கூப்பிட ஒருநாளும் சம்மதிக்க மாட்டாள். மூத்தவளுக்குத்தான் முதலில் கலியாணம் என்று மாமி வந்து நிற்கும் நாளில் யாரை முன்னே விடுவது?

இதில் ஒரு ஒழுங்கு உண்டு. தலைப்பு மட்டுமே விசித்திரமாக இருக்கலாம். அதன்பிறகு எல்லோரும் அவரவர் இயல்புப்படி, அவரவர் நியாயத்தோடு நடக்க வேண்டும். சேவலைப் பேசவைத்தால் ருசி கெட்டுவிடும். கடிதம் அனுப்புவது கிராம சேவகருக்கு இயல்பு, அதனால்தான் சிரிப்பு வருகிறது.

நிஜமும் சளைக்கவில்லை. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. அந்த ஒக்டோபருக்குப் பிறகு, பத்து மணிக்கு ஒருவர் இந்தப் பக்கத்திலிருந்து எல்லையைத் தாண்டினால் அந்தப் பக்கத்தில் ஒன்பதரை. 2006 ஏப்ரல் 15இல்தான் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பியது.

1966ஆம் ஆண்டுப் பேப்பர் கிடைத்தால் விடாதீர்கள். ஞாயிறு வேலைநாளாகி, போயாவை ஒட்டி வார விடுமுறை வந்த வருடம் அது. 1971 வரை நீடித்தது. நிலவைப் பார்த்து லீவு என்றால் கந்தோர்க்காரர்கள் யாரைத் தேடி வருவார்கள்? பிறை பார்த்துப் பழகிய சாய்ந்தமருதுப் பெரியவர்களைத்தான். மேகம் மூடிய இரவில், லீவு உண்டா இல்லையா என்று மேலதிகாரியும் கிளாக்கரும் கடற்கரையில் வானத்தைப் பார்த்தபடி நிற்பார்கள்.

எல்லாத் தலைப்பும் இதற்கு ஆகாது. எங்கள் பக்கத்துப் பழைய பேப்பர்களில் இரத்தம் உண்டு, 2004 டிசம்பர் 26 உண்டு. அந்தத் தாள்களை மரியாதையோடு மடித்து வையுங்கள். மாரியில் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மேவி நாவிதன்வெளிக்கும் கல்முனைக்கும் இடையில் போக்குவரத்து நின்ற செய்தியையும் நான் தொடுவதில்லை. வருடம் மாறினாலும் எழுத்து மாறாமல் வந்த செய்தி அது. அதன் விளைவைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. பரீட்சைக்குப் போகிற பிள்ளையும் ஆஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணியும் தண்ணீரில் நின்று அனுபவித்தது.

சரையில் வரும் தாள் போதாதவர்களுக்கு 1930இல் தொடங்கிய வீரகேசரியும் 1932இல் தொடங்கிய தினகரனும் இருக்கின்றன. கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகளைப் பார்க்கலாம். நூலகம் இணையத்தளத்திலும் நிறையத் தமிழ்ப் பத்திரிகைகள் உண்டு. ஆனால் அடுத்த நாள் பேப்பரை உடனே புரட்டாதீர்கள். முதலில் கற்பனை, பிறகுதான் நிஜம்.

பயிற்சிக்கு 1979 ஜூலையை எடுங்கள். அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்கூடம், 70 தொன்னுக்கு மேல் எடை, எங்கே விழும் என்று தெரியாமல் உலகமே அண்ணாந்து பார்த்த நாட்கள். ஒரு துண்டு சவளக்கடைப் பக்கம் களவெட்டியில் விழுகிறது. வாய்க்கால் அடைபட்டதா என்பதே வட்டவிதானையின் முதல் கேள்வி. என் காணியில் கிடக்கும் நாளுக்குக் குத்தகை தா என்கிறார் போடியார். நல்ல இரும்பு, நாலு மண்வெட்டி தேறும் என்று கணக்குப் போடுகிறார் கொல்லர். இவ்வளவையும் சிரித்து முடித்தபின் நிஜத்தைப் பாருங்கள். துண்டுகள் இந்து சமுத்திரத்திலும் மேற்கு அவுஸ்திரேலியாவிலும் விழுந்தன. முதல் துண்டைக் கொண்டுவருபவருக்கு 10,000 டொலர் என்று சான் பிரான்சிஸ்கோப் பத்திரிகை ஒன்று அறிவித்திருந்தது. எஸ்பெரன்ஸ் என்ற ஊரின் 17 வயதுப் பையன் விமானம் ஏறிப்போய் வாங்கினான். அதே ஊரின் உள்ளூராட்சி சபை, குப்பை போட்ட குற்றத்துக்காக நாசாவுக்கு 400 டொலர் அபராதம் விதித்தது. நாசா கட்டவில்லை. 2009இல் அமெரிக்க வானொலி அறிவிப்பாளர் ஒருவர் நேயர்களிடம் காசு சேர்த்து அந்தக் கணக்கைத் தீர்த்தார்.