முப்பத்தேழு வயதுப் புதுமுகம்

2025 பிப்ரவரியில் டேடோனாவில் நடந்த, நாஸ்கார் என்னும் அமெரிக்க வாகனப் பந்தய அமைப்பின் டிரக் சீரிஸ் முதல் பந்தயத்தில் நடிகர் ஃபிராங்கி முனிஸ் பத்தாவதாக வந்தார். முதலில் கோட்டைத் தாண்டிய பார்க்கர் கிளிகர்மனின் வண்டி பந்தயத்துக்குப் பிந்தைய சோதனையில் தேறாமல் போக, வெற்றி கோரி ஹைமுக்குக் கைமாறியது. விளையாட்டுப் பக்கத்துக்கு அதுதான் தலைப்புச் செய்தி. பொழுதுபோக்குப் பக்கத்துக்கோ பத்தாம் இடம்தான் செய்தி. 'மால்கம் பையன் டிரக் ஓட்டுகிறான்' என்றால் யார்தான் படிக்க மாட்டார்கள்?

அந்தப் பத்தாம் இடத்தை உரசிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு முன், மால்கம் யார் என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம்.

'மால்கம் இன் தி மிடில்' 2000 ஜனவரியில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. 2006 மே வரை ஏழு சீசன், 151 பகுதிகள். பணமில்லாத, சத்தம் ஓயாத ஒரு வீட்டில் அதிமேதாவியாகப் பிறந்துவிட்ட நடுப்பிள்ளையின் கதை. அப்பாவாக பிரையன் கிரான்ஸ்டன், அம்மாவாக ஜேன் கஸ்மரெக். இரண்டு பேருமே நடிப்பில் ராட்சசர்கள். அவர்கள் நடுவே நின்று தொடரைத் தோளில் சுமந்தவன், தொடங்கும்போது 14 வயது நிரம்பிய பையன் முனிஸ்.

அவன் செய்த வேலை லேசானதல்ல. காட்சி ஓடிக்கொண்டிருக்கும், அம்மா கத்திக்கொண்டிருப்பார், அண்ணன் எதையாவது உடைத்துக்கொண்டிருப்பான். மால்கம் கழுத்தை மட்டும் கேமரா பக்கம் திருப்பி, நம்மிடம் இரண்டு வரி புலம்பிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி சண்டைக்குள் போவான். குரல் மாற வேண்டும், கண் மாற வேண்டும், உடம்பு மட்டும் காட்சியிலேயே இருக்க வேண்டும். பின்னணியில் சிரிப்பொலி சேர்க்காத தொடர் அது. அரை நொடி பிசகினால் காப்பாற்ற ஆள் கிடையாது. 2001-ல் எம்மி விருதுக்குச் சிறந்த நகைச்சுவை நடிகர் பிரிவில் அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டபோது வயது 15. குழந்தை என்று சலுகையாகத் தந்த இடமில்லை அது.

அப்படிப்பட்டவர் தொடர் முடிந்த கையோடு ஃபார்முலா பி.எம்.டபிள்யூ அமெரிக்கா பந்தயத் தொடரில் போய் உட்கார்ந்தார். 2005-ல் லாங் பீச்சில் நட்சத்திரங்களுக்கென்று நடத்தும் பந்தயத்தில் பிடித்த ருசி. (நம் அஜித்குமார் 2003-ல் ஓட்டியதும் இதே ஃபார்முலா பி.எம்.டபிள்யூவின் ஆசியப் பதிப்புதான்.) 2007-லிருந்து அட்லாண்டிக் சாம்பியன்ஷிப். 2009-ல் காயம் வந்து பாதியில் நின்றது.

இந்தக் கதையின் எலும்பு முறிந்த இடம் 2009 முதல் 2021 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகள்தான் என்பேன். இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தார். அரிசோனாவில் மனைவியோடு ஆலிவ் எண்ணெய்க் கடை நடத்தினார். 2017-ல் 'டான்சிங் வித் த ஸ்டார்ஸ்' மேடையில் மூன்றாவதாக வந்தார். முழுநேரப் பந்தயம் மட்டும் ஓட்டவில்லை. 23 முதல் 35 வயது என்பது, கிரிக்கெட் மட்டையாளருக்குப் போலவே, பந்தய ஓட்டுநருக்கும் கையும் கண்ணும் சேர்ந்து பழுக்கும் காலம். அதோடு, நாஸ்காரில் இன்று முன்வரிசையில் ஓட்டும் பையன்கள் பலரும் ஆறேழு வயதில் கார்ட் வண்டியில் ஏறியவர்கள். பிள்ளைப் பருவத்தின் பெரும்பகுதியை முனிஸ் மேடையிலும் படப்பிடிப்புத் தளத்திலும் கழித்தார். முன்பக்கமும் போச்சு, நடுவும் போச்சு.

மகன் பிறந்த 2021-ல் மறுபடி ஸ்டீயரிங் பிடித்தார். 2023-ல் ரெட் ஜோன்ஸ் அணிக்காக, டிரக் சீரிஸுக்கு ஒரு படி கீழே உள்ள ஆர்கா மெனார்ட்ஸ் தொடரில் முழு சீசன். 37 வயதில் புதுமுகம்! முதலில் டேடோனாவில் 11-ஆவதாக வந்து, ஆண்டு முடிவில் புள்ளிப் பட்டியலில் நான்காம் இடம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு விஷயம். அந்தத் தொடரில் எல்லாப் பந்தயங்களையும் ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். பணக்கார அணிகளின் இளம் ஓட்டுநர்கள் பலர் இடையிடையே வந்து கலக்கிவிட்டுப் போய்விடுவார்கள். இடத்துக்கு ஒரு புள்ளி வீதம் இறங்கும் கணக்கில், விடாமல் வந்து வண்டியை உடைக்காமல் முடிப்பவருக்குத்தான் அறுவடை. முனிஸ் அதைத்தான் செய்தார். ஒரு பந்தயமும் ஜெயிக்கவில்லை. அந்த ஆண்டின் சாம்பியன் ஜெஸ்ஸி லவ் 20-ல் 10 பந்தயங்களை வென்றார். லவ் பிறந்தது 2005-ல். மால்கம் அப்போது ஐந்து வயதுத் தொடர்.

ஆகவே நான்காம் இடம் வேகத்துக்குக் கிடைத்ததல்ல, நிதானத்துக்குக் கிடைத்தது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. வண்டியை முழுதாகக் கொண்டுவந்து நிறுத்துவதும் திறமைதான், சின்ன அணிகளில் அதற்கு மவுசு அதிகம். ஆனால் அடுத்த படிக்கட்டில் அது மட்டும் போதாது.

டிரக் சீரிஸ் அந்த அடுத்த படி. 2025-ல் ரியூம் பிரதர்ஸ் அணியின் 33-ஆம் எண் ஃபோர்டு. சிறிய அணி, சிறிய பட்ஜெட். இப்போது டேடோனாவுக்கு வருவோம். அது இரண்டரை மைல் ஓவல், வளைவுகள் 31 டிகிரி சாய்ந்தவை. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடியே சுற்றலாம். முன் வண்டி காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின் வண்டி அதில் ஒட்டிக்கொண்டு போகும். பணக்கார அணிக்கும் ஏழை அணிக்கும் உள்ள இடைவெளியை அந்தக் காற்று மூடிவிடும். அங்கே ஓட்டுநரின் வேலை, யார் பின்னால் ஒட்டுவது, எப்போது விலகுவது என்று கணிப்பதும், கூட்டமாக மோதிக்கொள்ளும் நேரத்தில் வேறிடத்தில் இருப்பதும். பொறுமைசாலிக்கு ஏற்ற இடம். முனிஸ் பொறுமைசாலி.

மார்ட்டின்ஸ்வில் மாதிரி அரை மைல் ட்ராக்கில் கதை தலைகீழ். சுற்றுக்கு இரண்டு முறை பிரேக்கை அழுத்தி, டயரை அதிகம் சூடேறவிடாமல், வளைவின் நடுவில் வண்டியைத் திருப்பி, பம்பர் இடியைத் தாங்கி வெளியே வர வேண்டும். இது பத்து வயதிலிருந்து சனிக்கிழமை ராத்திரிகளில் கற்றுக்கொள்ளும் வித்தை. டேடோனாவுக்குப் பிறகு முனிஸின் பெயர் பெரும்பாலும் பட்டியலின் பின்பாதியிலேயே கிடந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

இங்கே நம்ம ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். கோவையின் நரேன் கார்த்திகேயன் 2010-ல் இதே டிரக் சீரிஸில் ஓட்டினார். முதல் பந்தயமே மார்ட்டின்ஸ்வில், 13-ஆம் இடம். ஃபார்முலா கார்களில் வளர்ந்து, 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போய்வந்தவர் அவர். அந்த ஆண்டு டிரக் சீரிஸில் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த 'மிகப் பிரபல ஓட்டுநர்' விருதும் அவருக்கே. ஆனாலும் அங்கே அவர் நிலைக்கவில்லை. ஃபார்முலா ஒன் பார்த்த கைக்கே ஓவல் அவ்வளவு எளிதில் படியவில்லை என்றால், அட்லாண்டிக்கோடு நின்று பன்னிரண்டு ஆண்டு ஓய்ந்த கைக்கு என்ன சொல்ல? புகழ் சீட்டு வாங்கித் தரும், ஸ்பான்சரைக் கூட்டி வரும். நரேனுக்குப் புகழ் ட்ராக்கில் வந்தது. முனிஸுக்கு அது ஏற்கெனவே இருந்தது, அதனால்தான் சீட்டு திறமைக்கா புகழுக்கா என்ற சந்தேகமும் கூடவே வருகிறது.

2025 அவருக்கு இழுபறியான ஆண்டு. பந்தயங்களுக்கு நடுவே பழைய தொடரின் நான்கு பகுதி மறுவருகைக்காகப் படப்பிடிப்பு. கிரான்ஸ்டனும் கஸ்மரெக்கும் கூட வந்தார்கள். பிறகு வீட்டில் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்து, சீசனின் கடைசிப் பகுதியில் பந்தயங்களைத் தவறவிட்டார். 31 டிகிரி வளைவில் தப்பியவர் ஏணியில் மாட்டிக்கொண்டார்.

2025 டிசம்பரோடு அவருக்கு வயது 40. நான் அவருடைய மேலாளராக இருந்தால் ஓவலை விட்டு நீண்டநேரப் பந்தயங்களுக்குக் கூட்டிப்போவேன். அங்கே ஒரே காரை இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். தொழில்முறை ஓட்டுநர் வேகம் பார்க்க, மற்றவர் வண்டியைச் சேதமில்லாமல் ஒப்படைத்தால் போதும். வலது இடது இரண்டும் திரும்பும் ட்ராக்குகள் வேறு. அவர் முதலில் பழகியதே அவற்றில்தான். நடிகர் பால் நியூமன் 1979-ல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் இரண்டாம் இடம் பிடித்த காரை இன்னும் இருவரோடு சேர்ந்து ஓட்டினார். அப்போது அவருக்கு 54.